எழுதாமல் விட்ட காயப் படிவம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவள் கேட்டாள்: "அப்பா, ரொம்மன் மாமா ஏன் இப்ப எங்கடை வீட்டை வாறேல்லை?"

"அவருக்கு வேலை, பிள்ளை," என்றேன்.

பெரியவன் தலை நிமிராமலே சொன்னான்: "அவருக்குத்தான் வேலை இல்லையே அப்பா."

அம்மா என்னைப் பார்த்தா. நான் கறிச்சட்டியைப் பார்த்தேன்.  பிள்ளைகளே, நான் உங்களுக்குப் பொய் சொல்லிவிட்டேன். வாயால் திருத்தலாம் என்றால் எனக்குச் சரியாகக் கதைக்க வராது. பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன், அல்லது கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் ஓ.எல்., பத்தாம் பதினொராம் வகுப்புச் சோதனை வரைக்கும்தான் படித்தவன், அதுவும் கணிதம் இரண்டாம் தரம் எழுதித்தான் சரி வந்தது. எழுத்துப் பிழை இருந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

அப்பா என்ன வேலை என்று கேட்டால் "வெக்தர்" என்று சொல்லுகிறீர்கள். அது சரி. ரயில் நிலையத்தில் மஞ்சள் அங்கி போட்டு இரண்டு இரண்டு பேராக நடக்கிற காவலர். கள்ளனைப் பிடிக்கிற வேலை என்று சின்னவள் ஒருக்கால் படம் கீறினாள். உண்மையில் நான் அதிகம் செய்தது கடைசி நிலையத்தில் நித்திரையாய்க் கிடக்கிறவர்களை எழுப்பி இறக்குவதும், பிள்ளைவண்டியைப் படியில் தூக்கிக் கொடுப்பதும், சண்டை பிடிக்கிற இரண்டு பேருக்கு நடுவில் போய் நிற்பதும்தான். நடுவில் நிற்பதுதான் கஷ்டம். இடது காதில் வானொலிக் கருவியின் குமிழ் இருக்கும். அதில் கட்டுப்பாட்டு அறை கதைக்கும். வலது காது முன்னால் நிற்கிற ஆளுக்கு. இந்த வேலைக்கு இரண்டு காதும் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்மன் மாமாவை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பரவு வேலை செய்துகொண்டிருந்தார். காவலர் படிப்பு இருக்கு, படியும் என்று நான்தான் சொன்னேன். படித்தார். என்னைவிட நல்லாய் நோர்வேஜிய மொழி எழுதுவார். ஆனால் சேர்ந்ததும் நிரந்தர வேலை கொடுக்க மாட்டார்கள். ஆள் குறைகிற நேரத்தில் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். கைப்பேசியைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அப்படி ஒன்றரை வருசம் இருந்தார். மாமியின் வயிற்றில் அப்போது இரண்டாவது பிள்ளை.

ஒரு புரட்டாதி மாதம், பின்னேரம் மூன்று மணி இருக்கும். நகரத்துக்குள்ளே ஒரு பெரிய நிலையம். ஒரு பெடியன் மேடையின் விளிம்பில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். சுகமில்லாத பிள்ளை என்று பார்த்தவுடனே தெரிந்தது. மாமா மெல்லமாகக் கிட்டப் போய், "வா, கொஞ்சம் உள்ளுக்கு வந்து நில்," என்று அவன் முழங்கையைத் தொட்டார். அவன் திரும்பி, கையை விரித்து, மாமாவின் வலது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தான். தொப்பி தண்டவாளத்தில் போய் விழுந்தது. நான் ஓடிப்போய் அவனைப் பிடித்தேன். பிடித்தவுடனே அவன் அழத் தொடங்கிவிட்டான். ஆம்புலன்ஸ்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் போகும்போது மாமா ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்.

"நொந்ததோ?" என்று கேட்டேன்.

"சீச்சீ. என்ரை அப்பர் இதைவிட நல்லாய் அடிப்பார் அண்ணை."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவர் காதைப் பொத்திப் பொத்தித் திறந்துகொண்டிருந்தார். உள்ளே இரைச்சல் கேட்குது என்றார்.

எங்கள் வேலையில் அடி பட்டால், விழுந்தால், கடிபட்டால், வேலை முடிந்து வீட்டுக்குப் போக முன்னம் ஒரு படிவம் எழுத வேண்டும். காயப் படிவம். தேநீர் அறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் தொங்கும். மாமா அதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணை, எழுதவோ?"

நான் வாசித்தேன். எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது. எல்லாம் சரி. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கலாம்?

அந்தக் கேள்வியைப் பார்த்தவுடனே எனக்குப் பழைய ஒரு விசாரணை நினைவுக்கு வந்தது. நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில் பொலிசில் ஒரு நாள் முழுக்க விசாரித்தார்கள். நல்ல மாதிரித்தான் விசாரித்தார்கள், கோப்பி எல்லாம் தந்தார்கள். நான் பயத்தில், ஊரை விட்டு வெளிக்கிட்ட மாதத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு மாதம் மூன்று வருசம் என்னைத் துரத்தியது. ஒவ்வொரு கடிதத்திலும் வந்தது. "முன்னர் நீர் இப்படிச் சொல்லியிருக்கிறீர், இப்போது இப்படிச் சொல்லுகிறீர்." அதோடு நான் ஒரு பாடம் படித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நாட்டில் எழுதின எழுத்து சாகாது. கேட்டால் மட்டும் சொல்லு, தேவையில்லாததை எழுதாதே.

"உம்மை நிரந்தரமாக்கிற மீற்றிங் அடுத்த மாதம்தானே?" என்று கேட்டேன்.

"ஓம்."

"அப்ப இப்ப போய், நான் ஆளைத் தொட்டனான், அவன் அடிச்சவன் எண்டு எழுதப் போறீரோ? ஏன் தொட்டனீர் எண்டு கேப்பாங்கள். விடும். ரெண்டு நாளிலை சுகமாகும்."

 அவர் படிவத்தை இருந்த இடத்திலேயே கொண்டுபோய்த் தொங்கவிட்டார். மடிக்காமல், கசக்காமல். "நீங்கள் சொன்னால் சரி அண்ணை," என்றார்.

அடுத்த மாதம் அவரை நிரந்தரமாக்கினார்கள். மாமி பற்றீசும் ரோல்சும் செய்து கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். பெரியவன் ஆறு பற்றீஸ் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த நாள். நான் அன்றைக்கு நல்ல சந்தோசமாக இருந்தேன். என்னுடைய புத்தியால்தான் இந்தக் காரியம் சரிவந்தது என்று கூட நினைத்தேன்.

இரண்டு வருசம் கழித்து என்னைத் தொழிற்சங்கப் பிரதிநிதியாக்கினார்கள். இது ஒரு பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். அதுவரை பிரதிநிதியாக இருந்த நோர்வேக்காரர் ஓய்வு பெற்றுப் போனார். கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்திருந்தோம். அவர்களில் பாதிப்பேர் அங்கே கொடுக்கிற வாஃபல் பலகாரத்துக்காக வந்தவர்கள். ஆர் நிற்கிறது என்று கேட்க எல்லோரும் தங்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். எங்களோடு வேலை செய்கிற பாகிஸ்தான்காரர் என்னைக் காட்டி, "இவர் நிற்கட்டும், இவர் ஒரு கடதாசியும் எறியிறதில்லை," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவிடம் வந்து சொன்னபோது, "வீட்டிலை வாய் திறக்காத மனிசன் ஊராருக்குக் கதைக்கப் போறாராம்," என்று சொல்லிப் பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுச் சிரித்தா.

சங்கம் என்றால் ஊர்வலம், கொடி என்று நீங்கள் நினைக்கலாம். மே முதலாம் திகதி அதுவும் உண்டு. மற்ற நாட்களில் சங்கம் என்றால் பக்கத்தில் இருப்பது. ஓர் ஆளை மேலாளர் கூப்பிட்டால் அந்த ஆள் தனியாகப் போகக்கூடாது, பக்கத்துக் கதிரையில் நான் இருக்க வேண்டும். குளிர்காலச் சப்பாத்து ஒழுகுது என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்தினால் கடிதம் எழுத வேண்டும். சில நேரம் வெல்லலாம். ஒரு சோமாலிப் பிள்ளையைப் பிழையாகக் குற்றம் சாட்டினபோது நாங்கள் கமராப் படத்தைக் கேட்டு எடுத்து அவளுடைய வேலையைக் காப்பாற்றினோம். அவளுடைய தாய் எனக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்பினா. நீங்கள்தான் தின்றீர்கள்.

பிரதிநிதியானவர்களுக்குச் சங்கம் மூன்று நாள் வகுப்பு வைத்தது. கடற்கரைப் பக்கம் ஒரு விடுதி. இரண்டாம் நாள் ஒரு பெண் வந்து காயப் படிவத்தைப் பற்றிப் படிப்பித்தா. பலகையில் அந்தக் கடைசிக் கேள்வியை எழுதி, "இது ஆருக்கான கேள்வி?" என்று கேட்டா. பிறகு அவவே சொன்னா: "இது முதலாளிக்கான கேள்வி. வெளிச்சம் போதுமோ, ஆள் போதுமோ, தடுப்பு வேணுமோ எண்டு முதலாளி யோசிக்கத்தான். காயப்பட்டவர் என்ன பிழை விட்டார் எண்டு இதிலை ஒருத்தரும் கேக்கேல்லை. சின்னக் காயம் எண்டாலும் எழுதச் சொல்லுங்கோ. இண்டைக்குச் சின்னன், நாளைக்குப் பெரிசாகலாம். எழுதாட்டில் அது நடக்கேல்லை."

எல்லோரும் கொப்பியில் எழுதினார்கள். நானும் எழுதினேன்.  வகுப்பு முடிந்து வந்ததும் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"காது இப்ப எப்படி?"

"எந்தக் காது? ஓ, அதுவோ. இரையுதுதான். பழகிட்டுது அண்ணை. மனிசி பேசினால் கேக்காது, அது ஒரு வசதி."

பின்னால் மாமி, "எனக்கு மட்டும் கேக்காத காது!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. மாமா சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு ஏதாவது செய்திருக்கலாம். ஒரு மருத்துவரிடம் உடனே போகச் சொல்லியிருக்கலாம். நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

அடுத்த வருசம் அவர் கூப்பிடுகிறவர்களைக் கவனிப்பதில்லை என்று முறைப்பாடு வந்தது. ஒரு கிழவி உதவி கேட்டுப் பின்னால் வந்திருக்கிறா, இவர் திரும்பாமல் நடந்திருக்கிறார். திமிர் பிடித்த காவலர் என்று எழுதிக் கொடுத்துவிட்டா. இன்னொரு நாள் வலது பக்கத்தால் ஒருவன் போத்தலோடு வந்தபோது கூட நின்றவர் கத்தினது இவருக்குக் கேட்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, தெய்வம் காத்தது. ஆனால் அதோடு நிறுவனம் அவரைச் செவிப் பரிசோதனைக்கு அனுப்பியது. இடது காது நல்லது. வலது காது ஏறக்குறைய இல்லை. செவிக் கருவி போட்டாலும் இரைச்சலைத்தான் கூட்டும் என்றார்களாம். காவலர் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது முக்கியமான விசயம். அந்தக் காது வேலையில் பட்ட காயத்தால் போனது என்று ஏற்றுக்கொண்டால், காப்புறுதி அவரை வேறு தொழில் படிக்க வைக்கும். அவர் அலாரம் பொருத்தித் திருத்துகிற தொழில் படிக்க ஆசைப்பட்டார். இரண்டு வருசப் படிப்பு. அதுவரை வீடு ஓடும். நிறுவனத்துக்கும் அவருக்கு வேறு இடம் தேடிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் கூடும். ஏற்காவிட்டால் அது எல்லோருக்கும் வருகிற சாதாரண நோய். மருத்துவ விடுப்பு முடியும், வேலையும் முடியும். "வேலையில் பட்ட காயம்" என்கிற மூன்று சொல்லில்தான் எல்லாம் நின்றது.

அவர் என்னிடம்தான் வந்தார். வேறு யாரிடம் வருவார்? பிரதிநிதி நான்தானே.

நான் அவரைச் சங்கத்தின் தலைமைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எங்களுக்கு ஒரு சட்டத்தரணி இருக்கிறா. நரைத்த தலை, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுவா. நல்ல மனிசி. மாமாவின் இடது பக்கத்தில் வந்து இருந்து கதைத்தா. நாங்கள் சொல்லாமலே கவனித்து அப்படிச் செய்தா.

"அறைஞ்ச நாளிலை எழுதின படிவம் எங்கை?" என்று கேட்டா.

"எழுதேல்லை," என்றார் மாமா.

"ஏன் எழுதேல்லை?"

அந்த அறையில் ஒரு சின்ன மணிக்கூடு இருந்தது. நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. நான் சொன்னதால்தான் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கான நோர்வேஜிய வசனத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்கிடையில் மாமா சொல்லிவிட்டார்:

"மறந்திட்டன்."

சட்டத்தரணி குனிந்து எழுதினா. நான் அதைத் திருத்தவில்லை. பக்கத்தில் இருப்பதுதான் என் வேலை என்று மேலே எழுதினேன். அன்றைக்கு நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். "ஏன் மறந்திட்டன் எண்டனீர்?"

"வேறை என்ன அண்ணை சொல்லுறது? அந்த மனிசிக்கு முன்னாலை உங்களைக் காட்டிக் குடுக்கவோ? நீங்கள் பிரதிநிதி. உங்கடை பேர் என்னாகும்?"

"என்ரை பேரை விடும்."

"அதெப்படி விடுறது? என்னை இஞ்சை கொண்டந்து விட்டதே நீங்கள்." பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார், "மறந்தது எண்டால் ஒண்டும் குறையாதுதானே?"

குறையும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கிழமை கழித்துத்தான் சட்டத்தரணி தொலைபேசியில் விளக்கினா. வழமையாக ஒரு வருசத்துக்குள் அறிவித்திருக்க வேண்டுமாம். பிந்தினாலும் ஏற்பார்களாம், வேலையில்தான் காயப்பட்டது என்பது தெளிவாக இருந்தால். ஆனால் ஓர் ஆள் அடி வாங்கினதை எழுத மறந்தான் என்றால், அது மறக்கக்கூடிய அடி என்றுதான் வாசிப்பார்களாம். போதாக்குறைக்கு, மாமா முதல் முதல் காதுக்கு மருத்துவரிடம் போனபோது, ஏதாவது அடி பட்டதா என்று அவர் கேட்டிருக்கிறார். இவர் "பெரிசாய் ஒண்டுமில்லை" என்று சொல்லியிருக்கிறார். அதுவும் எழுத்தில் இருக்கிறது.

நான் தொலைபேசியை வைத்துவிட்டு உங்கள் கணினியில் இருந்து எழுதினேன். பெரியவன், நீ அன்றைக்கு விளையாடக் கேட்டு அடம் பிடித்தாய், நான் ஏசினேன். நான் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான்: அன்றைக்கு நான் அங்கே நின்றேன். அறைந்ததைக் கண்டேன். அவர் எழுத வெளிக்கிட்டார். எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவர் மறக்கவில்லை. மறந்தேன் என்று சொன்னது எனக்காக.

சட்டத்தரணி வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டா. கண்ணாடி அன்றைக்கு மூக்கில் இருந்தது. "இதை அனுப்பினால் நீங்கள் பிரதிநிதியாக இருக்கிறது கஷ்டமாகலாம். உங்கடை ஆக்களே கேக்கலாம்," என்றா.

"அனுப்புங்கோ."

"அனுப்புறன். ஆனால் ஒண்டு சொல்ல வேணும். இப்ப ரெண்டு கதை இருக்கு. முதல் ஒரு கதை, பிறகு ஒரு கதை. காப்புறுதிக்காரர் எப்பவும் முதல் கதையைத்தான் பிடிப்பினம்."

அதைக் கேட்டபோது நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. முன்னர் நீர் இப்படிச் சொல்லியிருக்கிறீர். ஒரு எழுத்துக்குப் பயந்து அவருக்குப் புத்தி சொன்னேன். எந்த எழுத்துக்குப் பயந்தேனோ அதே எழுத்து அவருடைய வாயில் வந்து நின்றது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது நான்.

பதில் வர ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதமும் மாமா ஒவ்வொரு வெள்ளியும் எனக்குத் தொலைபேசி எடுத்து, "ஏதும் வந்ததோ?" என்று கேட்பார். வந்தால் அவருக்குத்தான் முதலில் வரும். அது அவருக்கும் தெரியும். இருந்தும் கேட்பார். நானும் "இன்னும் இல்லை, பாப்பம்," என்பேன். இதைத் தவிர என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

காப்புறுதிக்காரரிடமிருந்து மூன்று பக்கக் கடிதம் வந்தது. மாமா அதைக் கொண்டுவந்து எங்கள் குசினி மேசையில் வைத்தார். அவருக்கு என்னைவிட நல்லாய் வாசிக்கத் தெரியும் என்று சொன்னேனே. ஆனாலும் என்னை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. காயம் நடந்த காலத்தில் பதியப்படவில்லை. விண்ணப்பித்தவர் முதலில் சொன்னதுக்கும் பின்னர் சொன்னதுக்கும் வித்தியாசம் உண்டு. கூட வேலை செய்தவருடைய கூற்று பிந்தி வந்தது, அவர் விண்ணப்பித்தவரின் நெருங்கிய நண்பர். ஆகவே.

"ஆகவே"க்குப் பிறகு நான் வாசிக்கவில்லை. சின்னவள், நீ அப்போது வந்து மாமாவின் மடியில் ஏறி, "மாமா, எனக்கு ஒரு பல்லு விழுந்திட்டுது," என்று வலது காதுக்குள் சொன்னாய். அவர் உன்னை மற்றப் பக்கம் தூக்கி வைத்து, "இப்ப சொல்லுங்கோ," என்றார்.

மேன்முறையீடு செய்தோம். அதுவும் சரிவரவில்லை. இனி நீதிமன்றம்தான். அதற்குச் சங்கத்தின் நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். நான் போய்க் குழுவுக்கு முன்னால் கதைத்தேன். நீலச் சட்டையை அம்மா அழுத்தித் தந்தா. ஒன்பது பேர் வட்டமாக இருந்தார்கள். தீயணைப்புக்காரர், அவசர அழைப்பு எடுக்கிறவர்கள், சிறைக் காவலர், எங்களைப் போல ஆக்கள். எல்லோரும் சீருடை போட்டுக் குளிரில் நின்று வந்தவர்கள். கெட்டவர்கள் ஒருவரும் இல்லை. நான் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். நடுவில் ஒரே வரியை இரண்டு தரம் வாசித்தேன். சிறைக் காவலர் பெண் எழும்பித் தண்ணீர் ஊற்றித் தந்தா.

தலைவர் சொன்னார், "எங்களுக்கு உங்கடை உறுப்பினரிலை நம்பிக்கை இருக்கு. அவர் சொல்லுறது உண்மை எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனால் உண்மை வேறை, வெல்லுறது வேறை."

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஏனென்றால் அதற்கு முந்தின வருசம் எங்கள் கிளைக் கூட்டத்தில் வேறு ஒருவருடைய வழக்கில், வெல்ல இடமில்லை, மற்ற உறுப்பினர்களையும் யோசிக்க வேண்டும் என்று நானே கை தூக்கியிருக்கிறேன். அவருடைய முகம்கூட எனக்குத் தெரியாது. கடதாசியில் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அது சரியான முடிவு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உங்களோடு பந்து விளையாடினேன்.

பங்குனி மாதம் நிறுவனத்தில் கடைசிக் கூட்டம். வேலையை முடிக்கிற கூட்டம். மேலாளர், மாமா, பக்கத்துக் கதிரையில் நான். இந்த முறை அவருடைய இடது பக்கம் பார்த்து இருந்தேன். மேலாளர் இளம் ஆள், அவருக்கும் விருப்பமில்லாத வேலை. ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகச் சொன்னார். முடிவில் என்னைப் பார்த்து, "பிரதிநிதிக்கு ஏதாவது சொல்ல இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வேறு இடம் தேடினீர்களா, கட்டுப்பாட்டு அறையில் ஒரு காதால் செய்யக்கூடிய வேலை இல்லையா என்று எல்லாம் கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, தேடினோம், இல்லை, தேடினோம், இல்லை என்றார். பிறகு நான் சொன்னதை எல்லாம் அறிக்கையில் எழுதினார். "பிரதிநிதியின் கருத்துக் குறித்துக்கொள்ளப்பட்டது." மாமா கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன். அந்தக் கூட்டம் இருபது நிமிடம்கூட இல்லை.

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். பனி உருகித் தண்ணீராய் ஓடிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றேன். எங்கள் ஆக்கள் அப்படி நேரே கேட்டுப் பழக்கமில்லை. "சாப்பிட்டிட்டுப் போவமோ?" என்றுதான் வாயில் வந்தது.

"இல்லை அண்ணை, பிள்ளையைக் கூட்ட வேணும்," என்றார்.  பிறகு, "நீங்கள் சொல்லாட்டிலும் நான் எழுதியிருக்க மாட்டன்," என்றார்.

இது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றைக்கும் தெரியாது. படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். எழுத நினைக்காத ஆள் அதை எடுத்துக்கொண்டு வருவாரா? ஆனால் எடுத்தும் எழுதாமல் வைக்கிறவர்களை இப்போது நான் நிறையக் கண்டுவிட்டேன். புதிதாக வந்து சேருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுகிறேன், எழுதுங்கோ, கீறல் என்றாலும் எழுதுங்கோ என்று. ஓம் ஓம் என்கிறார்கள். தேநீர் அறையில் படிவக் கட்டு குறைவதே இல்லை.

அதுக்குப் பிறகுதான் மாமா வீட்டுக்கு வராமல் விட்டது. மாமி அம்மாவோடு கதைக்கிறவ. "கோவமில்லை அக்கா," என்று சொன்னாவாம். "உங்கடை வீட்டிலை எல்லாரும் ஒரே நேரத்திலை கதைப்பியள். அவருக்கு ஒண்டும் பிடிபடாது. சிரிக்கிற இடத்திலை சும்மா சிரிச்சுக்கொண்டு இருக்கிறது அவருக்கு வெக்கமாய் இருக்குதாம்." அது சரிதான். நாங்கள் அப்படித்தான் கதைக்கிறோம். அது மட்டும்தானா என்று மாமியிடம் கேட்க அம்மாவுக்குத் துணிவில்லை. எனக்கும் இல்லை.

இப்போது அவர் காலையில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். வேலையாட்களைத் தற்காலிகமாக அனுப்புகிற நிறுவனம் ஒன்று கூப்பிட்டால் போவார். ஆகவே வேலை என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. வேலை இல்லை என்று பெரியவன் சொன்னதும் பொய் இல்லை. பழையபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். சங்கம் களஞ்சியக்காரருக்குமா என்று கேட்காதீர்கள், அது வேறு சங்கம். அவர் இப்போது என் உறுப்பினர் இல்லை. சும்மாதான் எடுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை வாரும். நான் பிள்ளையளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுறன்," என்றேன்.

பின்னால் பெட்டி தூக்கும் வண்டிகளின் சத்தம். "என்ன அண்ணை?"

திரும்பச் சொன்னேன்.

"இஞ்சை ஒரே சத்தம் அண்ணை. பிறகு எடுக்கிறன்," என்றார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் எடுக்கவில்லை.